நான் குறைத்த இரண்டரை கிலோ

பிப்ரவரி 3, திங்கள்

98.4. போன திங்களும் இதேதான். அதற்கு முந்தின திங்களும் இதே.

எடை மிஷினை விட்டு இறங்கிய என் மனைவி குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எடை குறைய ஊசி போட ஆரம்பித்து மூன்று வாரம். முதல் மாதம் மருந்தின் அளவு மிகக் குறைவு, உடம்பு பழகத்தான், உடனே எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். சொன்னால் மட்டும் மனசு கேட்குமா?

எட்டு வருடத்தில் அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. வெந்நீரில் தேன், டப்பா டப்பாவாகப் பவுடர், இடுப்பில் கட்டினால் கிடுகிடுவென ஆடும் பெல்ட் (கொழுப்பு கரையவில்லை, மோட்டார்தான் கருகியது). ஆறு மாதம் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். குறைந்தது ஒன்பது கிலோ, திரும்பி வந்தது பதினொன்று. நானோ எதைத் தின்றாலும் அறுபதைத் தாண்டியதில்லை. "உங்களுக்குச் சேர வேண்டியதும் எனக்கே வந்து சேருது" என்பாள்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா, இது ஒரு நோய். நோய்க்கு வைத்தியம் பண்ணுவோம்" என்று இந்த டாக்டர் சொன்னபோது அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் உட்பட.

முழங்கால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எண்பத்தைந்துக்கு வந்தால்தான் அறுவை சிகிச்சை. மழலையர் பள்ளி டீச்சர், தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு விளையாட வேண்டியவள், இரண்டு வருடமாக நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

"நாளைக்கும் குறையலைன்னா ஊசிய நிறுத்திடுவேன். போதும்ங்க. என் உடம்பு எதுக்கும் மசியாது" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். சும்மா சொல்கிற குரல் இல்லை. பெல்ட்டைத் தூக்கிப் போட்ட அன்றும் இதே குரல்தான்.

எடை மிஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடம். மிஷினுக்கு அளவு நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. இருபது கிலோ எடைக்கல்லை வைத்து, இதுதான் இருபது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்று வீட்டு மிஷினில் அந்தக் கல்லின் மேல் இருநூறு கிராம் கல் ஒன்றையும் சேர்த்து வைத்தேன். இதுதான் இருபது என்றேன். மிஷின் நம்பிவிட்டது. இனி நூறு கிலோவுக்கு ஒரு கிலோ குறைத்துக் காட்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

97.3.

"என்னங்க! இங்க வந்து பாருங்களேன்!" கேட்டுப் பல நாளான சந்தோஷம் அந்தக் குரலில். அக்காவுக்குப் போன் போட்டாள். சாயங்காலம் பூங்காவில் வழக்கமான இரண்டு சுற்றோடு நிறுத்தாமல், காலை இழுத்து இழுத்து மூன்றாவது சுற்றும் நடந்தாள்.

எடையில் ஐம்பது கிராம் அடித்த காய்கறிக் கடைக்காரரை நடுத்தெருவில் நிறுத்தி மானத்தை வாங்கியவன் நான். இன்று அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

96.8. அதாவது நிஜத்தில் 97.8. அரை கிலோ உண்மையாகவே குறைந்திருக்கிறது! பொய் சொல்லித் தெம்பு கொடுத்தேன், தெம்பில் நிஜமாகக் குறைகிறது. இதில் என்ன தப்பு?

தப்பு இல்லை என்றால் ஏன் எழுதிப் பார்க்கிறேன்?

பிப்ரவரி 24, திங்கள்

மறுபடியும் 96.8. காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 2, ஞாயிறு

மறுபடியும் செய்தேன். இந்த முறை இருநூறுக்குப் பதில் ஐந்நூறு கிராம் கல்.

மார்ச் 5, புதன்

மருத்துவமனை நர்ஸ் போன் செய்தார். ஒவ்வொரு திங்களும் அவள் எடையை அனுப்புகிறாள் அல்லவா, அதை டாக்டர் பார்த்தாராம். ஸ்பீக்கரில் போட்டாள். "திங்கக்கிழமை 95.3 அனுப்பியிருக்கீங்க, ரொம்ப நல்லா குறையுதும்மா. இந்த மாசம் மருந்த ஏத்தறதா இருந்தோம். தேவையில்ல, இந்த அளவே போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுக்கு ஏற்ற வேண்டிய மருந்தை நான் நிறுத்தியிருக்கிறேன். நான். இரண்டு கல்லை வைத்து. மிஷினைச் சரி செய்துவிடலாம் என்றால், ஒரே நாளில் இரண்டரை கிலோ ஏறும். அதைப் பார்த்தால் அவள் அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டுவிடுவாள். சொல்லிவிடலாமா? எப்படிச் சொல்வது?

மார்ச் 12, புதன்

"மூணு கிலோ போயும் இந்தச் சட்டை அதே இறுக்கமா இருக்கே. ஒருவேளை உள்ளுக்குள்ள குறையுதோ?" என்றாள் கண்ணாடி முன்னால். துணி சுருங்கியிருக்கும் என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று.

மார்ச் 17, திங்கள்

வருடாந்திரச் சோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று முதலாளி பட்டியல் கொடுத்தார். நான்காவது இடம் அவள் போகும் அதே மருத்துவமனை. புதன்கிழமை நான் அங்கே போகிறேன். அடுத்த திங்கள் அவள் போய் அந்த மிஷினில் ஏறப்போகிறாள்.

சாப்பாடு இறங்கவில்லை. "நீங்க ஏன் குறையறீங்க?" என்று கேலி செய்தாள்.

மார்ச் 19, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அறையில் நான் மட்டும்தான். பெரிய மிஷின், முந்நூறு கிலோ வரை தாங்கும். என் பெட்டியில் எல்லாக் கல்லும் இருக்கிறது. எவ்வளவு கூட்டி வைக்க வேண்டும் என்ற கணக்கு காலையிலேயே தலையில் தயார். ஐந்து நிமிட வேலை. திங்கட்கிழமை வீட்டு எண்ணும் இந்த எண்ணும் அச்சாகப் பொருந்தும். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஐந்நூறு கிராம் கல்லைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்தேன். இல்லை என்று எனக்கே பொய் சொல்லக்கூடாது.

வாசலில் காத்திருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். நடக்க உதவும் வாக்கரைப் பிடித்திருந்தார். "தம்பி, எனக்கு ஒரு பத்து கிலோ குறைச்சுக் காட்டற மாதிரி வச்சுட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்." போகிற இடமெல்லாம் கேட்கிற ஜோக்தான். எப்போதும் சிரிப்பேன். இன்று குனிந்து பெட்டியைப் பார்த்தேன். அவர் பின்னால் வந்த நர்ஸ்தான் பதில் சொன்னார்: "அப்புறம் யாருக்கு எவ்வளவு மருந்துன்னு நாங்க எத வச்சுக் கொடுக்கறதாம்?"

கல்லைப் பெட்டியில் போட்டேன். மிஷினின் அளவை ஒழுங்காக நிறுத்தினேன். சரி என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

இனி அவளிடம் சொல்லாமல் வழியில்லை.

மார்ச் 20, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் சொல்லல. என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"எவ்வளவு?"

"இப்போ ரெண்டரை கிலோகிட்ட."

"எப்பலேருந்து?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள். மூன்றாவது சுற்று நடந்த நாள், அக்காவுக்குப் போன் செய்த நாள், எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

"நான் விட்டுடுவேன்னு பயந்தேன்மா."

"விட்டிருப்பேன். இல்ல, ரெண்டு நாள் அழுதுட்டு மறுபடி போயிருப்பேன். அது என் பாடு. ஊரே என் உடம்பப் பத்திப் பொய் சொல்லுதுங்க. 'உனக்கு என்ன, நல்லாத்தானே இருக்க'ன்னு மூஞ்சிக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அந்த மிஷின் ஒண்ணுதான் எங்கிட்ட உள்ளதச் சொல்லுதுன்னு நெனச்சேன். நீங்க கொண்டாந்து வச்ச மிஷினாச்சே."

மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

மார்ச் 24, திங்கள்

97.2. நிஜமான எண்.

டாக்டர் வீட்டு எடைத் தாளையும் மருத்துவமனையில் இன்று எடுத்த எடைத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டு மிஷின் தப்பாக் காட்டியிருக்கு டாக்டர்" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாள் என்பது புரிந்ததும் உட்கார முடியவில்லை. "தப்பாக் காட்டல டாக்டர். நான் காட்ட வச்சேன்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "மூணு வாரம் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்தின் அளவை ஏற்றி எழுதினார். இனி எடை பார்ப்பது அங்கே மட்டும். "உள்ள நான் மட்டும் வரேன்" என்று அவள் டாக்டரிடம் சொன்னாள், என்னிடம் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

ஏற்றிய மருந்து வயிற்றைப் புரட்டுகிறது. இரண்டு முறை வாந்தி. நெற்றியைப் பிடிக்கப் போனேன், தள்ளவில்லை. இது சரியாகுமா, இல்லை இதனாலேயே நிறுத்த வேண்டி வருமா? முன்பே படிப்படியாக ஏற்றியிருந்தால் இந்தப் பாடு இருந்திருக்காதோ?

ஏப்ரல் 7, திங்கள்

வாந்தி நின்றுவிட்டது. எடை எவ்வளவு என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு?"

மே 19, திங்கள்

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும். கதவு திறக்கும்போது அவள் முகத்தைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. காய்கறியை எடை போட்டுச் சாப்பிடுகிறாள், மெதுவாக மெல்லுகிறாள், பாதியில் போதும் என்று தட்டைத் தள்ளுகிறாள். பிடிவாதம் இல்லை, பசி அவ்வளவுதான் என்கிறாள். பேசுகிறாள், சிரிக்கிறாள். அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொல்கிறாள்.

ஜூலை 26, சனி

அவள் சட்டைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறாள். நான்கு. எத்தனை அங்குலம் என்று தையல்காரரிடம் கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

அடுத்த புதன் முழங்கால் அறுவை சிகிச்சை.

சேர்க்கைப் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். வயது, ரத்த வகை, உயரம். அடுத்ததை விட்டுவிட்டு சர்க்கரை அளவுக்குப் போனாள். கடைசியில் கணவர் கையெழுத்து. இங்கே போடுங்க என்று காட்டியபோது அவள் இடது கை தாளை அழுத்திப் பிடித்திருந்தது. கட்டைவிரல் உயரத்துக்கு அடுத்த கட்டத்தின் மேல் இருந்தது.

எண்பத்தைந்துக்கு வராமல் இந்தப் படிவம் வீட்டுக்கு வந்திருக்காது. அது தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டேன். மை காயும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.

பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "டீ போடட்டுமா?" என்றாள்.

போடு என்றேன்.