உன் பெயரை விற்ற நாள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, என் மேலுள்ள கோபம்தான் குறையவில்லை. நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிக்குங்க, நான் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான்.

உன் கடைப் பலகையை இறக்கச் சொல்லி, நம் பட்டறையை வாங்கிய குழுமத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்ததாகச் சொன்னாய். நீ பிறந்த வாரம் நான் தொடங்கிய தோல்பைப் பட்டறைக்கு உன் பெயரைத்தான் வைத்தேன். எட்டு வருடத்துக்கு முன் அதை அவர்களிடம் விற்றபோது பெயரும் சேர்ந்து போய்விட்டது. இப்போது உன் பெயரை உன் கடையில் போட உனக்கே உரிமை இல்லை என்கிறார்கள். உங்களை ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டாங்கப்பா, கோர்ட்ல வந்து சொல்லுங்க என்றாய். ஆமாம்மா, படிக்காமலே போட்டுவிட்டேன் என்று நானும் சொன்னேன்.

படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

வாட்ச், சென்ட், ஷூ, வைர நகை என்று பதினாறு பிராண்டுகள் அவர்கள் கையில். நம் பை பதினேழாவது. கையெழுத்துப் போட்ட அன்று எதிரே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எனக்குத் தண்ணீர் ஊற்றித் தரவே தனியாக ஒரு ஆள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பைக்கு ஒரு விளக்கு என்று நம் சரக்கு நிற்பதுபோல் படம் காட்டினார்கள். அதில் மயங்கிப்போனேன். கடைசியாக அவர்கள் தரப்பு வக்கீலம்மா, உங்களுக்கு மகள் இருக்கிறாளாமே, பின்னால் அவள் இந்தத் தொழிலுக்கு வருவாளா, வந்தால் அவள் பெயர் அவளுக்கே வேண்டியிருக்குமே என்று கேட்டார். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியே இல்லை.

நீ அப்போது தோல்வேலைப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருடம். நீ தைத்து அனுப்பிய பர்ஸ் என் சட்டைப் பையில் இருந்தது. ஓரத் தையல் என்னுடையதைவிடச் சுத்தம் என்று அன்று காலையில்தான் கட்டிங் மாஸ்டரிடம் பீற்றிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால் பேரம் படியாமல் போய்விடுமோ என்று பயம். மகளுக்கு இந்தத் தொழிலில் ஈடுபாடு இல்லை என்றேன். எழுதித் தரச் சொன்னார்கள். ஒப்பந்தத்தின் ஓரத்திலேயே என் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வெட்கமாக இருக்கிறது வாலு. இப்போது வருடத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, கையில் தோல் தட்டும் சுத்தியலைக் கொடுத்து விளம்பரத்துக்குப் படம் பிடிக்கிறார்கள். அடிப்பதற்கு எதிரே ஒன்றும் இருக்காது. எனக்கு நன்றாக வேண்டும்.

அந்தத் தாள் அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேன் என்று கோர்ட்டில் வாயைத் திறந்தால் உடனே அதை எடுத்துப் படிப்பார்கள். நாலு பேர் நடுவில் நீ தலைகுனிவதைவிட என்னிடமிருந்தே தெரிந்துகொள். என்னை நம்பி வழக்குப் போடாதே. மீறிப் போட்டால் கட்டாயம் வருகிறேன், இங்கே எழுதியதை அங்கேயும் சொல்கிறேன். அந்த வரியைப் படிக்கும்போது மட்டும் நீ வெளியே போய் நின்றுகொள்ளம்மா. உன் முகத்துக்கு எதிரே என்னால் நிற்க முடியாது.

எந்தப் பெயரில் பலகை மாட்டினாலும் உன் கடை அமோகமாக நடக்கட்டும்.

உன் அப்பா