இருபதிலிருந்து இருபதாயிரம் வரை

மார்ச் 3

என் இன்ஜினியர் சாருக்கு,

நலம்தானே? எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. புது வேலைக்குக் கிளம்பும் முன் எங்கள் நாடகத்துக்காகக் கணினித் திரையில் பெட்டி பெட்டியாக வைத்துக் கம்பி இழுத்துக் கோத்துக் கொடுத்தீர்களே, அந்த ஒலி நிரல் என் உயிரை வாங்குகிறது. புயல் காட்சியில் ஸ்லைடரை மயிரிழை நகர்த்தினால் போதும், உறுமல் கீச்சென்று தாவிவிடுகிறது. டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். பதினான்காம் தேதி அரங்கேற்றம் ஒழுங்காக நடந்தால்தான் இந்த அரங்கில் எனக்கு வேலை நிரந்தரம். சீக்கிரம் சரிசெய்து அனுப்புங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாலு

மார்ச் 5

அன்பு வாலுவுக்கு,

உனக்கு எப்போதும் கை அவசரம். சரிசெய்து அனுப்பியிருக்கிறேன், இனி தாவாது. இந்த வேலைக்கு இப்படி உயிரை விடுவானேன்? இங்கே இரண்டு அறை வீடு பார்த்துவிட்டேன். நாடகம் முடிந்ததும் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடு. நீ வந்தால்தான் அது வீடாகும்.

உன் இன்ஜினியர்

மார்ச் 13

இன்ஜினியர் சாருக்கு,

இன்று ஒத்திகையில் டைரக்டர், "இடி அடிவயித்துல விழணும், இன்னும் இறக்குங்க" என்றார். இறக்கினேன். அதிர்வெண் இருநூறு ஹெர்ட்ஸிலேயே நின்றுவிட்டது, அதற்குக் கீழே போகவில்லை. எல்லார் முன்னாலும் மானம் போயிற்று. நிரலில் அந்தப் பெட்டியைத் திறந்தால், காதுக்குக் கேட்கிற முழு வீச்சாக இருபதிலிருந்து இருபதாயிரம் வரை போன எல்லையை இருநூறிலிருந்து இரண்டாயிரமாக வெட்டியிருக்கிறீர்கள்.

நானே உட்கார்ந்தேன். காதுக்கு நூறிலிருந்து இருநூறும், ஆயிரத்திலிருந்து இரண்டாயிரமும் ஒரே தூரம்தான். அதனால் ஸ்லைடர் எண்ணைச் சமமாகக் கூட்டாமல், அடிக்கு அடி ஒரே மடங்காகப் பெருக்கும்படி மடக்கை அளவில் போட்டேன். முதலில் அடி எல்லையைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டு, சத்தமே வரவில்லையே என்று முழித்தேன். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. இருபது என்று மாற்றியதும் உறுமலிலிருந்து கீச்சு வரை என் விரலுக்கு அடங்கிவிட்டது.

உங்களுக்கு இது தெரியாததா? ஏன் வெட்டினீர்கள்?

வாலு

மார்ச் 14

வாலுவுக்கு,

தெரியாமல் இல்லை. உனக்கு அவ்வளவு எதற்கு என்று நினைத்தேன். நீ பதறாமல் இருக்கத்தான் செய்தேன், கோபப்படாதே. வீட்டுக்காரர் பதில் கேட்கிறார். என்றைக்கு வருகிறாய்?

உன் இன்ஜினியர்

மார்ச் 16

இன்ஜினியருக்கு,

அரங்கேற்றத்தில் இடி விழுந்தபோது நாற்காலிகள் அதிர்ந்தன. முன்வரிசையில் ஒருவர் காலைத் தூக்கிக்கொண்டார். வேலை உறுதியாகிவிட்டது, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

உங்கள் மேல் பிரியம் போகவில்லை. போயிருந்தால் இதை எழுதும்போது அழுகை வராது. ஆனால் எனக்கு எவ்வளவு போதும் என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்கிறவரோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது. அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள்.