பூட்டாத கதவு

ஜூன் 3

இன்றும் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. வந்த கொஞ்சத்தில் எனக்கென்று ஒரு குடம் எடுத்து வைக்க மகனுக்குத் தோன்றாது.

காலையில் படம் எடுப்பவர்கள் வந்தார்கள். நாங்கள் தைத்த சட்டைகளை வாங்கிப் போடுகிற நாட்டிலிருந்து ஓர் அம்மாள், கூடவே அவள் பேச்சை நமக்குச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். போன மழைக்காலத்தில் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் தீப்பிடித்து என் மருமகள் செத்ததை நான் சொல்ல வேண்டுமாம். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள்.

"முகத்துல இன்னும் கொஞ்சம் சோகம் வேணும் ஐயா."

"இதுக்கு மேல வேணும்னா கடையிலதான் வாங்கணும்."

அதை மட்டும் மொழிபெயர்ப்பாளர் அவளிடம் சொல்லவில்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். முதலாளி கதவைப் பூட்டி வைத்திருந்தார் என்று நான் சொல்ல வேண்டும்.

பூட்டவில்லையே! இரண்டாம் மாடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நான்தான் ஓடி ஏறினேன். தள்ளினேன். கதவு ஒரு சாண் திறந்தது. அசையாதவை அட்டைப்பெட்டிகள். உள்ளே தலைக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். பெட்டிமேல் அச்சிட்டிருப்பதைக் கூட்டிக் கூட்டித்தான் நான் இங்கிலீஷ் எழுத்தையே கற்றேன்; சட்டையை வாங்கி விற்கும் அந்த வெளிநாட்டுக் கடையின் பெயர் எனக்குத் தப்பாது. வெள்ளைச் சட்டை கேட்டவர்கள் கடைசி வாரத்தில் நீலம் கேட்டார்கள். கப்பலில் ஏற்றும் தேதியை மட்டும் மாற்றவில்லை. தைத்து முடித்த வெள்ளையை வைக்க இடமில்லாமல் வாசலில் அடுக்கினார்கள்.

இதைச் சொன்னேன். கேமராவை அணைத்துவிட்டார்கள்.

ஜூன் 4

மகன் சண்டைக்கு வந்தான்.

"பூட்டினா என்ன, பெட்டியால அடைச்சா என்ன? அவ வெளிய வரலப்பா!"

"பூட்டுன்னா குத்தம் முதலாளியோட நின்னுடும். பெட்டின்னா அவசரப்படுத்துன கடைக்கும் பங்கு உண்டு. அங்க மலிவா கேட்டு வாங்குறவங்களுக்கும் உண்டு."

"பூட்டுன்னாதான் ஜனங்க பாப்பாங்களாம். அந்த ஆளு ஜெயிலுக்குப் போவான். நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு உக்காந்திருங்க."

முதலாளிக்கு நான் வக்காலத்து வாங்குகிறேனாம். நானா? அந்த ஆளைப் பற்றி எழுதினால் தாள் கிழியும்.

ஜூன் 6

அந்த அம்மாள் கேமரா இல்லாமல், மொழிபெயர்ப்பாளரோடு மட்டும் வந்தாள். தானும் அந்தக் கடையில்தான் துணி வாங்குகிறாளாம்.

"அப்ப அதையும் படத்துல சொல்லும்மா."

யோசிக்கிறேன் என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். யோசிக்கட்டும்.

ஜூன் 9

மகன் கேமரா முன்னால் உட்கார்ந்து 'பூட்டு' என்று சொல்லிவிட்டான். தீப்பிடித்த அன்று இவன் ஊரிலேயே இல்லை.

டேய், அவ உன் பொண்டாட்டிடா. அவ சாவுலயா பொய் சொல்லுவ?

அவனிடம் கேட்கவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 2

படம் வந்தது. அங்கே பார்த்தவர்கள் அழுதார்களாம். இங்கே போலீஸ் முதலாளியைப் பிடித்தது. அந்தக் கதவில் பூட்டு மாட்ட வளையமே கிடையாது என்று அவர் வக்கீல் காட்டினார்; விட்டுவிட்டார்கள். கெட்ட முதலாளியை விலக்கிவிட்டோம் என்று கடைக்காரர்களும் அறிக்கை விட்டு, ஆர்டரை வேறு தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றே சொன்னேன். மகனிடம் சொல்லிக் காட்டவில்லை. வாய்வரை வந்தது.

செப்டம்பர் 20

ஆர்டர் போன அதே இடத்தில் மகனுக்குப் பெட்டி கட்டும் வேலை கிடைத்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னான்.

நவம்பர் 14

மகன் மத்தியானமே வந்துவிட்டான். போனில் ஒரு போட்டோவை நீட்டினான். புதுத் தொழிற்சாலையின் படிக்கட்டு வாசல், அதை மறைத்துப் பெட்டிகள், பெட்டிமேல் அதே கடையின் பெயர்.

"பூட்டு இல்லப்பா. அதுவும் தெரியுற மாதிரி எடுத்திருக்கேன்."

"பெட்டி இன்னும் அங்கயா இருக்கு?"

"நகர்த்திட்டேன். நாளையிலேர்ந்து வராதன்னுட்டாங்க."

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டான்.

"அந்தப் படக்காரம்மா நம்பர் வச்சிருக்கீங்களா?"

சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. எனக்கென்று தனியாகப் பிடித்து வைத்திருந்தான். அரைக் குடம்தான்.