தையில் நட்ட உருளைக்கிழங்கு

ஜன. 24, சனி

காலையில் லேசான குளிர். பம்பாய் செம்பூருக்கு இதுவே பெரிசு. கேஸ் புக் பண்ணணும். இவருக்கு பி.பி. மாத்திரை. உளுந்து.

பக்கத்து வீட்டு மராட்டி அக்கா சாந்தா தாயி ஒரு பை விதை உருளைக்கிழங்கு கொண்டுவந்தார். அவர் தம்பி வயலில் நட்டது போக மிச்சம். சீக்கிரம் விளைகிற ரகமாம். "கானே கா நஹி, தவாய் லகா ஹை" என்று நாலு தடவை சொன்னார். மருந்து தடவின கிழங்கைக் குழம்பில் போட நான் என்ன பைத்தியமா?

கார்த்திகையில் நட்டிருக்க வேண்டியது, தையில் எவன் நடுவான் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். கட்டிலிலிருந்து இவர் குரல்: "இருக்கட்டும்ட்டி, நட்டுப் பாப்போம்."

பைபாஸ் ஆபரேஷன் ஆனதிலிருந்து மனுஷன் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம். ஓட்டின டெம்போவை விற்றபோது பேச்சையும் சேர்த்து விற்றுவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

ஜன. 25, ஞாயிறு

மொட்டைமாடியில் ஆறு அரிசிச் சாக்கு. செம்மண், சாணி உரம். இவர் வெயிட் தூக்கக் கூடாது. சுமந்தது நான், அதிகாரம் இவர். "முளை மேல பாக்கணும்ட்டி." "நெருக்கி வைக்காத." என் இடுப்பு போச்சு. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்க நல்லாத்தான் இருந்தது.

பிப். 15, ஞாயிறு

எல்லாச் சாக்கிலும் செடி. தினம் காலையில் தனியாக லிஃப்டில் போய்த் தண்ணீர் விடுகிறார். உல்லாஸ்நகரிலிருந்து மகள் மாலா போன். "அப்பா தனியாவா போறாரு? ஸஹி ஹை மா!" டாக்டர் நட, நட என்று சொன்னதற்குக் கேட்காதவர்.

பால்காரன் இன்றும் லேட்.

மார்ச் 13, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. ராத்திரியும் புழுக்கம். இலையெல்லாம் மஞ்சள். என் பழைய நைலக்ஸ் சேலையைப் பந்தலாகக் கட்டினேன். இந்தச் சூட்டில் கிழங்கு பிடிக்காது என்று தாயி இவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது.

இவர் ராத்திரி சாப்பிடவில்லை. "நான் தொட்டது எது உருப்பட்டுச்சு?" என்றார்.

கிழங்கு போனால் போகட்டும். மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாரே, அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப். 4, சனி

நாளை பறிப்பு. செடி காய்ந்துபோச்சு. மதியம் இவர் முடிவெட்டப் போன நேரத்தில் ஒரு சாக்கில் கையை விட்டுப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவில் ஒன்று. அடுத்த சாக்கில் அதுவும் இல்லை.

கீழே இறங்கி காய்கறி வண்டியில் மண் ஒட்டின கிழங்காகப் பொறுக்கினேன். "சோட்டா சோட்டா க்யூன், மௌசி?" என்றான் வண்டிக்காரன். பொடிசாப் பொறுக்கினா உனக்கென்னடா! சாக்குக்கு இரண்டு மூன்று புதைத்து மேலே மண்ணைத் தட்டிவிட்டேன். முருகன் மன்னிக்கட்டும்.

ஏப். 5, ஞாயிறு

ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சாக்காகக் கவிழ்த்தார். கிழங்கு உருண்டு வந்தது. தாயி கைதட்டினார். நானும் "அடேயப்பா!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

இவர் ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் தேய்த்தார். தோல் அசையவில்லை. அடியில் கிடந்த ஒரு பொடிசை எடுத்துத் தேய்த்தார். தோல் அப்படியே உரிந்து வந்தது.

"புதுக்கிழங்குன்னா இப்படில்லா உரியணும்" என்றார். நான் தண்ணீர் டேங்கைப் பார்த்தேன்.

"எந்த வண்டில வாங்குன?"

தொலைந்தது, கீழே போய்ப் படுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"வாங்குனதுதான் வாங்குன, ரெண்டு வெங்காயத்தையும் சேத்துப் புதைச்சிருக்கலாம்லாட்டி. மசாலுக்கு ஆயிருக்கும்."

சிரித்தார். நெஞ்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விடாமல் சிரித்தார். தாயி "க்யா ஹுவா, க்யா ஹுவா" என்று என்னைப் பிடித்து உலுக்குகிறார். அழுகையும் சிரிப்புமாக எனக்கு வந்த ஒரே பேச்சு:

"மெதுவா சிரிங்க, தையல் விட்டுரப் போவுது."