ஓட்டுக்கு மறுநாள் தாய்வீடு

சத்துமாவு வாசம் காகிதத்தில் இவ்வளவு நாள் தங்கும் என்று எனக்குத் தெரியாது. கீழத்தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் மருமகளுக்காக, நேற்று உன் காக்கித் துணிப்பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை உருவினேன். மடிப்பை விரித்ததும் வறுத்த கோதுமையும் வெல்லமும் கலந்த அந்த வாசம் வந்தது. பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். தையலோரத்தில் மாவு கட்டிதட்டிக் கிடந்தது. பால்வாடிக்கு வரும் மாவுப் பொட்டலங்களையும் வாக்காளர் படிவங்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவள் நீ. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வேலை ரெண்டு தந்தாங்க. பை ஒண்ணுதான தந்தாங்க" என்றாய்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. நீ இதைப் படிக்கப்போவதில்லை என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாதியில் விட்டுப்போன வேலை என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியாமலே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தென்காசியில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு நான் பல்கலைக்கழகம், பாளையங்கோட்டையில் வேலை என்று போய்விட்டேன். நீ கல்யாணம் முடித்து நம் தெருப் பால்வாடியில் டீச்சராகச் சேர்ந்தாய். நான் தென்காசிக் கல்லூரிக்கு மாற்றல் வாங்கி ஊர் திரும்பியபோது நீ அதே அறையில் இருபது வருடத்தைத் தாண்டியிருந்தாய். தகரக்கூரை போட்ட ஒற்றை வாடகை அறை. கழிப்பறை கிடையாது. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் ஊருக்கே கொண்டாட்டம், உனக்கு மட்டும் இடமாற்றம். மேற்குச் சன்னல் வழியாகச் சாரல் உள்ளே வரும். பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் கிழக்குச் சுவரோரம் நகர்த்திவிட்டு, நடுவில் தேங்கும் தண்ணீரைத் துடைத்தபடியே பாட்டுச் சொல்லிக்கொடுப்பாய்.

சோறு போட்டுத் தூங்கவைக்கும் இடம் என்றுதான் பால்வாடியைப் பற்றி நான் நினைத்திருந்தேன். பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பொதுக் கொள்கை என்று ஒரு பாடமே வருடாவருடம் நடத்துகிறேன். அந்தப் பாடத்தில் மூன்று வயதுக் குழந்தை எங்கேயும் வராது.

ஒரு ஆடி மாதம், கல்லூரி விடுமுறை நாளில் உன்னோடு வந்து உட்கார்ந்திருந்தேன். மழை ஏன் சாய்ந்து பெய்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டாய். காற்று தள்ளுகிறது என்றது ஒன்று. மலை கூப்பிடுகிறது என்றது இன்னொன்று. நீ எதையும் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பழைய சேலைக் கிழிசலை வாசல் நிலையில் கட்டிவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கச் சொன்னாய். அரை மணி நேரம் அந்த வாசலில் சண்டை ஓயவில்லை. என் வகுப்பில் அறுபது பேர் வருடம் முழுக்க ஒரு கேள்விகூடக் கேட்காமல் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள் என்று சொன்னேன். நீ முட்டையை உரித்துக்கொண்டே பதில் சொன்னாய்.

"என்கிட்ட வாயத் தொறந்தவதான் ஏட்டி, உன் வகுப்புல வந்து உக்காந்திருக்கா. நடுவுல யாரு மூடுனதுன்னு கேளு. தொறந்துவிட ஆளே இல்லாமப் போன பிள்ளையளும் இருக்கு. அதையும் கேளு."

கேட்க வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட வேண்டும், அறையைக் காலி செய்யுங்கள் என்றார் வீட்டுக்காரர். மேலே இருந்து, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பால்வாடியோடு இதைச் சேர்த்துவிடலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். சீசனில் அந்த ரோட்டைக் கடக்க எனக்கே பயம். எட்டு மணிக்கு வேலைக்கு ஓடுகிற அம்மாக்கள் யாரை நம்பிப் பிள்ளைகளை அனுப்புவார்கள்? வேன் வைத்து எல்.கே.ஜி.க்கு அனுப்ப முடிந்த வீடுகள் ஏற்கெனவே அனுப்பிவிட்டன. மீதி இருந்த இருபத்திரண்டு பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடும். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் பேரூராட்சி இடம் ஒன்று சும்மா கிடந்தது. சின்னதாக ஒரு பால்வாடி கட்ட அது போதும். ஆனால் அதைச் சீசன் கார்கள் நிறுத்தும் இடமாக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

மனு எழுதியது நான். மூன்று பக்கம். ஐந்து வயதுக்குள் மூளை எப்படி வளர்கிறது, அரசின் பொறுப்பு என்ன என்றெல்லாம் எழுதி, கடைசித் தாளில் தெருவின் இளம் அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கினோம். முப்பத்தொரு பேர் போட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு வார்டு உறுப்பினர் வீட்டுக்குப் போனோம். சிரித்த முகம், காப்பி தராமல் யாரையும் அனுப்பமாட்டார். என் மூன்று பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டுக் கையெழுத்துத் தாளை மட்டும் எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார்.

"இது சுரண்டைப் பிள்ளை. இது புளியங்குடி. இது செங்கோட்டையில இருந்து கெட்டிட்டு வந்தது. டீச்சர், லிஸ்டு உங்க கையிலதான இருக்கு. நீங்களே சொல்லுங்க. இதுல நம்ம வார்டு ஓட்டு எத்தன?"

வாக்காளர் பட்டியல் வேலையையும் உன் தலையில்தான் கட்டியிருந்தார்கள். உனக்குப் பொய் வராது. "ஆறு, அண்ணாச்சி" என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். "மேடத்துக்கு எங்கன?"

பாளையங்கோட்டை என்றேன். அங்கேயும் நான் ஒருமுறைகூடப் போட்டதில்லை என்பதைச் சொல்லவில்லை. அவர் சிரித்தார். காப்பி வந்தது. நாம் இருவரும் குடித்தோம்.

திரும்பி வரும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வயதுக்கு ஓட்டு இல்லை. அதன் அம்மாவுக்கு இருக்கிறது, ஆனால் வேறு ஊரில். அப்படியென்றால் இந்த ஊர்க் கணக்கில் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இது என் கண்ணில் படவில்லை. யார் வந்தாலும் இதே கதைதான், ஓட்டால் எதுவும் ஆகாது என்று பொரிந்து தள்ளினேன். தண்ணீர்த்தொட்டி அருகே வந்ததும் நீ நின்றாய். பிறகு சொன்னாய்.

"யாரு வந்தா என்ன? ஓட்ட எண்ணத் தெரிஞ்சவன்தான வருதான். அண்ணாச்சி நம்மள வையல, ஏட்டி. வழி சொல்லிருக்காரு."

மறு வாரமே படிவங்களோடு கிளம்பிவிட்டாய். கல்யாணமாகி வந்த பெண்களின் ஓட்டை இந்த முகவரிக்கு மாற்றுவது. அது உன் வேலைதான், ஆனால் யாரும் அதுவரை வந்து கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வந்தேன். எந்தச் சின்னத்தில் போட வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். நீ பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாய். "எங்கன போடணும்னுதான் நான் சொல்லலாம். யாருக்குன்னு கேட்டா இந்த வாசல்லயே இனி ஏறமாட்டேன்." அவள் ஓடிவந்து உன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

தடை நாம் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. சுரண்டையிலிருந்து வந்த செல்வியை நினைவிருக்கும். இரண்டு பிள்ளைகளும் உன்னிடம்தான். தென்காசி ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நிற்கிறவள். படிவத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. பொங்கலுக்கு மாமியார் அனுப்புவதில்லை. கோயில் கொடைக்கும் அனுப்புவதில்லை. ஓட்டுப் போடப் போகாதே என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. தேர்தல்தான் அவளுக்குத் தாய்வீட்டுக்குப் போகும் உறுதியான நாள்.

"இதையும் மாத்திட்டா எங்கம்மைய நான் எப்பக்கா பாக்க?"

நீ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாய். நீயும் ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கினாய்.

"மயினி, ஓட்டுக்கு மறுநாள் இவள ரெண்டு நாளு சுரண்டைக்கு அனுப்புவேன்னு சொல்லுங்க. நான் நோட்டுல எழுதிக்கிடுதேன்."

"எழுதுதியா? நான் என்ன பத்திரம் முடிக்கவா வந்தேன்?"

"பால்வாடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டுன்னா, பேரனக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக வேற ஆளு இல்ல. உங்க முட்டுவலியோட நீங்கதான் போணும். சீசன்ல வார காரு நிக்குமா பாத்துக்கிடுங்க."

அந்த அம்மாள் இரண்டு கொத்தை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "ரெண்டு நாளு என்ன, மூணு நாளு போயிட்டு வரட்டும் சவம்" என்றாள். செல்வி உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள்.

இந்தப் பேச்சு நமக்கு முன்னால் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அதன் பிறகு மருமகள்களே உன்னைத் தேடி வந்தார்கள். ஓட்டுக்கு மறுநாள் தாய்வீடு. மாமியார் பெயர், ஊர், எத்தனை நாள் என்று கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதினாய். ஒரு மாமியார், எனக்கும் அம்மா இருக்கிறாள், என்னை யார் அனுப்புவார் என்று கேட்டாள். அவள் பெயரையும் எழுதிக்கொண்டாய்.

என் படிவத்தை மட்டும் நான் தள்ளிக்கொண்டே போனேன். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும், போட்டோ இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஏதாவது சொன்னேன். "படிச்ச மூதி" என்று திட்டிவிட்டு நீ போய்விடுவாய்.

ஐப்பசியில் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாயாம். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. காரியம் முடிந்து, உன் கணவர் இந்தப் பையைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே நிரப்பிய படிவம் ஒன்றே ஒன்று இருந்தது. என்னுடையது. என் பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாம் உன் கையெழுத்தில் இருந்தன. கையெழுத்து எங்கே போடுவது என்று தெரியாதவர்களுக்காகப் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவாயே, அதை எனக்கும் போட்டிருந்தாய். அழுகைக்கு நடுவில் எனக்கு உன்மேல் கோபமும் வந்தது. அந்தக் குறியின் மேலேயே கையெழுத்துப் போட்டேன். உன் இடத்துக்கு வந்த டீச்சரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இனி நீ பார்க்காதது. உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வார்டு உறுப்பினர் மறுபடியும் நின்றார். மேளத்தோடு தெருவுக்குள் வந்தபோது செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் ஆரத்தித் தட்டு இல்லை. "என்ன சுரண்டை, ஆரத்தியெல்லாம் கிடையாதா?" என்று கேட்டார், அதே சிரிப்போடு.

"சுரண்டை இல்ல அண்ணாச்சி, இங்கனதான். லிஸ்டுல கடைசிப் பக்கத்தப் பாருங்க. புதுசாச் சேந்தவங்க நாங்க மொத்தமா அங்கனதான் இருக்கோம். தண்ணித்தொட்டி இடம் என்னாச்சு?"

அடுத்த வீட்டிலும் தட்டு இல்லை. அங்கேயும் கடைசிப் பக்கம் என்றாள் ஒருத்தி. மேளத்தை நிறுத்தச் சொன்னார். கூட வந்தவரிடம் பட்டியலை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வெயிலில் நின்று விரலை வைத்து இறங்கினார். அன்று மனுத் தாளில் இறங்கிய அதே விரல். என் வாசலுக்கு வந்தபோது அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், நானும் அந்தப் பக்கத்தில்தான் என்று. கல்லூரிக்கு வெளியே நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும். அன்று தெருமுனை வரை கேட்டதாம்.

ஓட்டுக்கு மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு வேலை இல்லாமலே போய் நின்றேன். சுரண்டை பஸ்ஸிலும் புளியங்குடி பஸ்ஸிலும் நம் தெருப் பெண்கள் பிள்ளைகளோடு ஏறினார்கள். சன்னல் கம்பியைப் பிடித்த விரல்களில் மை இருந்தது. என் விரலிலும் இருந்தது. செல்வியின் மாமியார் பேரன்களுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, மூன்று நாளுக்கு மேல் ஒரு பொழுது தங்கக்கூடாது என்று பஸ் நகரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவரே ஜெயித்தார். உனக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. யார் வந்தாலும் எண்ணத் தெரிந்தவர்தான். இரண்டாவது பேரூராட்சிக் கூட்டத்திலேயே அந்த இடத்தைப் பால்வாடிக்கு என்று தீர்மானம் போட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சேர்க்கும் பேச்சு நின்றது. வீட்டுக்காரரிடமும் அண்ணாச்சியே பேசி, கட்டிடம் வரும்வரை அறையைக் கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இப்போது ஒரு போர்டு நிற்கிறது. கட்டிடம் இன்னும் இல்லை. போர்டைப் பார்த்து மயங்குகிறவள் இல்லை நான். இந்தச் சீசனுக்கும் சாரல் மேற்குச் சன்னல் வழியாகத்தான் வந்தது, பிள்ளைகள் கிழக்குச் சுவரோரம்தான் உட்கார்ந்தார்கள். அதனால் மாதம் ஒருமுறை நாங்கள் நாலைந்து பேர் அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறோம். காப்பி வருகிறது. குடிப்பதில்லை. செங்கல் வந்த பிறகு குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டோம். என் துறையில் ஒருவர், இவ்வளவு படித்துவிட்டு வார்டு அரசியலா என்று கேட்டார். பொதுக் கொள்கைப் பாடத்தின் செய்முறை என்றேன்.

கீழத்தெரு மருமகள் புளியங்குடிப் பெண். படிவத்தைக் கையில் வாங்கியதும் அவளும் அதையேதான் கேட்டாள், அம்மாவை எப்போது பார்ப்பது என்று. உன்னைப்போல் பேச எனக்கு வராது. மாமியார் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். கண்ணெல்லாம் எரிந்தது. அந்த அம்மாள் முதலில் ஒரு நாள் என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

பிறகு பையிலிருந்து உன் நோட்டை எடுத்தேன். அட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டவில்லை. உன் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: ஓட்டுக்கு மறுநாள், புளியங்குடி, மூன்று நாள்.