இடது பக்க இருக்கை

ஜூன் 9, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் இடி, பலத்த மழை. கார் போர்ச் வரை தண்ணீர்.

மச்சானுக்கு மருத்துவமனையில் மறுபரிசோதனை. நானும் மனைவி பிலோவும் கூடப் போனோம். நோயாளிக்கு என்ன உறவு என்று நர்ஸ் என்னைக் கேட்டார். "வைஃப்போட அண்ணன்," என்றேன். மச்சான் படுக்கையில் இருந்தபடியே, "டிரைவர்னு சொல்லுங்க மாப்ள. நாப்பது வருஷமா அதானே," என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார்.

டாக்டர் சொன்னவை:
ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது. பி.பி. சரி.
செப்டம்பரில் விமானப் பயணம் செய்யலாம்.
நீண்ட தூரம் கார் ஓட்டக் கூடாது. "அங்கிள், டோன்ட் இவன் திங்க் அபவுட் இட்."
மது வேண்டாம்.

இறைவனுக்கு நன்றி. போன மாதம் இந்நேரம் ஐ.சி.யூ. வாசலில் நானும் பிலோவும் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தோம். இன்று மனிதர் நாசி லெமாக் சோறு கேட்டுச் சண்டை போடுகிறார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். எங்கள் தம்போய் வட்டாரத்துக்குள்ளேயே, பத்து நிமிட தூரம். அதற்கே உள்ளங்கை ஈரம். மூவரும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தோம், யாரும் கேட்கவில்லை. ஸ்பெயினில் கார் யார் ஓட்டுவது?


ஜூன் 11, வியாழன்

புழுக்கம். இரவு சரியாகத் தூக்கமில்லை.

கிறிஸ்துமஸிலிருந்து எழுதி அடித்துத் திருத்திய வழி இது: ஸ்பெயினின் வடக்கே பில்பாவ் நகரில் இறங்கி கார் எடுப்பது. தெற்கே மலையைத் தாண்டி லகுவார்டியா, லோக்ரோனியோ, ஹாரோ. ரியோஹா ஒயின் பகுதி: திராட்சைத் தோட்டங்கள், தரைக்கு அடியில் குடைந்த மது அறைகள். அது மச்சானுக்கு. பிறகு வடக்கே ஏறி சான் செபஸ்டியான், அங்கிருந்து கடலை ஒட்டி மேற்கே சாந்தாண்டர், அஸ்தூரியாஸ் மீன்பிடி ஊர்கள். அது பிலோவுக்கு. குளிர்ந்த காற்று அடிக்கிற பெரிய கடல் வேண்டுமாம். இங்கே ஸ்டுலாங் கடற்கரையில் நின்றால் எதிரே சிங்கப்பூர்தான் தெரிகிறது, அது ஒரு கடலா என்பாள்.

எனக்கு ஒரே ஒரு நிறுத்தம். லகுவார்டியாவுக்கு மேலே உள்ள கணவாய். வடக்குப் பக்கம் கடல் மேகம், மழை, பச்சைப் புல். தெற்குப் பக்கம் காய்ந்த மண், கொடிமுந்திரி. மழை மறைவுப் பிரதேசம். லாபிஸ் பள்ளியிலும் பிறகு இங்கேயும் புவியியல் ஆசிரியராக இருந்தவரை அப்படியொரு மலையைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். இடப் பக்கம் அம்புக்குறி மேலே, வலப் பக்கம் அம்புக்குறி கீழே. நேரில் பார்த்ததில்லை. ஜோகூரில் எந்த மேட்டில் நின்றாலும் இரண்டு பக்கமும் மழைதான்.

இன்று மாற்று வழி ஒன்று தயாரித்தேன். எல்லாம் ரயில், பேருந்து. கார் இல்லை. அழகாக டைப் செய்து பிலோவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுதும் படித்தாள்.

"பஸ்ஸு அந்த மலை மேல நிக்குமா?"

"நிக்காது. நேரா கீழ எறங்கிரும்."

"அப்ப நீங்க எங்க நின்னு பாப்பீங்க?"

"ஜன்னல் வழியா."

தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். பிலோ இப்படித்தான். நர்ஸாக இருந்தவள், ஊசியை நோகாமல் போடத் தெரியும்.


ஜூன் 14, ஞாயிறு

தூறல். பூசை முடிந்து வழக்கமான கடையில் தோசை. மச்சானுக்கு மட்டும் சீனி இல்லாத தே ஓ, கறுப்புத் தேநீர்.

முகத்தில் சுரத்தில்லை. முந்தியெல்லாம் இந்த மேசையில் எல்லை தாண்டி ஹட்ஜாய்க்கு டூர் பஸ் ஓட்டின கதை, கேமரன் மலையில் பிரேக் சூடான கதை என்று நிற்காது. இன்று டம்ளரையே சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க மாப்ள. ட்ரெயின்ல போங்க. நான் எதுக்கு? ஓட்டவும் முடியாது, குடிக்கவும் முடியாது. லக்கேஜ் மாதிரி என்னைத் தூக்கிட்டுத் திரியணுமா?"

பிலோ கை கழுவப் போனாள். நெடுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது, மிளகாய் என்றாள். தோசையில் ஏது மிளகாய்.

செலினிடம் போனில் பேசினேன். மகள் சிங்கப்பூர் வேலையில் மும்முரம். சனிக்கிழமை பாலம் தாண்டி வருவாள். ஸ்பெயினில் வாடகைக் கார் அவள்தான் பதிவு செய்தது, ஓட்டுநர் பெயர் மாமாவுடையது. பெயரை மாற்றவோ காரையே வேண்டாம் என்று சொல்லவோ 22ஆம் தேதி திங்கள் வரை நேரம் இருக்கிறதாம்.

"அப்பா, நீங்க ஓட்டலாமே. ஆட்டோ கியர்தான் சொல்லியிருக்கேன்."

"பாப்போம்மா."

"நீங்க 'பாப்போம்'னா இல்லைன்னு அர்த்தம்."

பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குள்ள பயங்கள். எழுதினால் சிறிதாகும் என்று நினைத்தேன்:
அ. அங்கே சாலையின் வலப் பக்கம் போக வேண்டும். மறந்து இடப் பக்கம் போய்விட்டால்?
ஆ. ரவுண்டபவுட் எதிர்த்திசையில் சுற்றும்.
இ. மலைச் சுரங்கங்கள்.
ஈ. நான்.

சிறிதாகவில்லை. லைசென்ஸ் வாங்கி எத்தனையோ வருடம். கோயில், சந்தை, கிளினிக், அவ்வளவுதான் என் ஓட்டம். டோல் தாண்டினால் எப்போதும் மச்சான்தான். நான் இடப் பக்கம், மடியில் மேப்.


ஜூன் 17, புதன்

வெயில். எதிர்வீட்டு மாமரத்தில் பிஞ்சு.

மாலை மச்சானே நடந்து வந்தார், இரண்டு வரிசை தள்ளி அவர் வீட்டிலிருந்து. டாக்டர் நடக்கச் சொன்னதற்காகவாம். சமையலறைக்குள் போய்ப் பெரிய சட்டி மூடியை எடுத்துக்கொண்டு வந்து, "வாங்க மாப்ள," என்றார். பிலோ சொல்லியிருக்க வேண்டும். அல்லது செலின்.

போர்ச்சில் நிற்கிற எங்கள் மைவி காரில் என்னை இடப் பக்கம் உட்கார வைத்தார். மூடியைக் கையில் கொடுத்தார். அவர் வெளியே நின்றபடி கதவில் சாய்ந்துகொண்டார்.

"நல்லாப் பாருங்க. நீங்க காலம் பூரா உக்காந்த எடந்தான். புதுசா ஒண்ணும் இல்ல. அங்க அதே எடத்துல ஸ்டீரிங் வச்சிருக்கான், அவ்ளோதான்."

நான் அதை அப்படி நினைத்ததே இல்லை.

"எடத்துக்கு என்ன பயம்? பழகின எடம். எந்தக் குழிக்கு எப்படித் தூக்கிப் போடும்னு ஒங்க இடுப்புக்குத் தெரியும். எடுங்க. ரைட்ல திரும்புங்க."

திருப்பினேன். மூடியில் குழம்பு வாசம். எதிர்வீட்டுப் பெண்மணி குப்பை போட வந்தவர், நின்று பார்த்துவிட்டு, "அங்கிள் சிஹாட் கா?" என்று பிலோவிடம் நலம் விசாரித்தார். பிலோ என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

மச்சான் ஒரு மணி நேரம் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் முறையாக அவர் குரல் பழையபடி ஓங்கியிருந்தது. அதற்காகவே இன்னும் கொஞ்சம் தப்பாகத் திருப்பினேன்.


ஜூன் 18, வியாழன்

சாலைப் போக்குவரத்து அலுவலகம். அனைத்துலக ஓட்டுநர் அனுமதி. பாஸ்போர்ட், அடையாள அட்டை, படம், லைசென்ஸ், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். கேட்டது ஒன்றுதான்.

கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "பாக்சிக் செண்டிரி பாவா?" நானேதான் ஓட்டப் போகிறேனா என்று கேட்டாள். "யா," என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "ஹாத்தி-ஹாத்தி யா, பாக்சிக்." கவனம், பெரியவரே. பெற்ற மகள் மாதிரி சொன்னாள். சந்தோஷமாக இருந்தது.

அனுமதி கையில் இருக்கிறது. ஓட்டுவேன் என்று யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. வாங்கி வைப்பதில் தவறில்லை என்று மட்டும் சொன்னேன்.


ஜூன் 20, சனி

செலின் வந்தாள். பாலத்தில் நெரிசல், ஒன்பது மணி ஆகிவிட்டது. மீன் கறி சுடவைத்துக் கொடுத்தோம்.

இரவுச் சாப்பாட்டில் மச்சானும் இருந்தார். பேச்சு மது அறைகளுக்குப் போனது. முதல் தரம், இரண்டாம் தரம், பீப்பாயில் எத்தனை வருடம் என்று நான் படித்து வைத்ததையெல்லாம் சொன்னேன்.

"எதுக்கு மாப்ள வெந்த புண்ணுல?" என்றார். "மோந்து பாக்கலாமில்ல? டாக்டர் அதச் சொல்லல."

செலின் விரல் விட்டு எண்ணினாள். "மாமா குடிக்கக் கூடாது. அப்பா ஓட்டுனா அப்பாவும் குடிக்கக் கூடாது. அப்ப ரியோஹாவுக்குப் போயி குடிக்கப் போறது..."

எல்லோரும் பிலோவைப் பார்த்தோம். பூசையில் நற்கருணையைக்கூட திராட்சை ரசத்தில் தோய்க்காமல் வாங்குகிறவள்.

"சரி," என்றாள். "மூணு பேருக்கும் சேத்து நானே குடிச்சிக்கிறேன். என்ன பண்றது."

மச்சான் சிரித்ததில் புரையேறி, பிலோ முதுகில் தட்ட வேண்டியிருந்தது. "அப்பா ஓட்டுனா" என்று செலின் சொன்னதை நான் மறுக்கவில்லை. எல்லோரும் அதைக் கவனித்தார்கள். யாரும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள் என்னைச் சுற்றி இருக்கிறார்கள்.


ஜூன் 21, ஞாயிறு

மேகமே இல்லை. சூடு.

பூசை முடிந்து நேரே ஆ செங் ஒர்க்ஷாப். மச்சானின் பழைய நண்பர், பஸ் காலத்துப் பழக்கம். ஞாயிறு கடை அடைப்பு; எனக்காகத் திறந்திருந்தார். உள்ளே ஒரு பச்சை ஜீப், பழையது, ஸ்டீரிங் இடப் பக்கம். பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவருடையது. போன் போட்டு அவரிடம் அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். ஒரு கிழவன் ஓட்டிப் பழக இத்தனை பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள்.

பின்னால் தொழிற்சாலைக்காரர்களின் காலி மைதானம். நடுவில் நான்கு பெயிண்ட் டின். அதுதான் ரவுண்டபவுட். "சிக்கு, பெலான்-பெலான் லா," என்று ஆ செங் கையால் காற்றை மெல்ல அமுக்கிக் காட்டினார். வாத்தியார், மெதுவாக. வாழ்க்கையில் வேறு எப்படியும் போனதில்லை என்று சொல்லவில்லை.

நான் இடப் பக்கம். மச்சான் வலப் பக்கம். கியர் என் வலக் கையில். முதல் இரண்டு முறை நின்று போனது. மூன்றாம் முறை நகர்ந்தது. டின்னைச் சுற்ற சிக்னல் போட்டேன். நம் வண்டிப் பழக்கத்தில் ஸ்டீரிங்கின் வலப் பக்கக் குச்சியைத் தட்டினேன், வைப்பர் ஓட ஆரம்பித்தது. கொளுத்துகிற வெயிலில், காய்ந்த கண்ணாடியில், கிறீச் கிறீச்.

"மழை வருதா மாப்ள? அந்தப் பக்கம் காஞ்ச பூமின்னு சொன்னீங்க."

சுற்றினேன். மறுபடி சுற்றினேன். ஒரு டின்னும் விழவில்லை. கொஞ்சம் வேகம்கூட வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். மச்சானின் கால், பிரேக் இல்லாத இடத்தில், தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. ஒரு கை கதவுப் பிடியில். ஒரு கை நெஞ்சில்.

நிறுத்திவிட்டேன்.

"வலிக்குதா மச்சான்?"

"இல்ல." முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருக்கு."

அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. ஐ.சி.யூ.வில்கூட இல்லை.

"ஒரு மாசமாவே இருக்கு மாப்ள. படுத்தா பயம், படியேறுனா பயம். இப்ப இப்படி, கையில ஒண்ணும் இல்லாம உக்காந்திருக்கிறது... வண்டில நான் இப்படி உக்காந்ததே இல்ல. நாப்பது வருஷம் நீங்க எப்படிய்யா உக்காந்து வந்தீங்க?"

யோசிக்காமல் வந்துவிட்டது: "நீங்க ஓட்டுனீங்க. அதான்."

ஆ செங் தூரத்தில் இருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், என்னவோ வெற்றி என்று நினைத்து. மச்சான் கதவுப் பிடியை விட்டார். மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஓட்டுங்க," என்றார்.

ஓட்டினேன். மெதுவாக. டின்களைச் சுற்றி, மைதான ஓரமாக, மறுபடி டின்களைச் சுற்றி. கை வியர்த்ததா என்று ஞாபகமில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் கால் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செலினிடம் சொன்னேன்: "மாமா பேரை எடுத்துட்டு என் பேரைப் போடும்மா." "பாப்போம்பா," என்றாள். என்னைப் போலவே குரலை வைத்துக்கொண்டு. பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மச்சானுக்கு ஒரு மேப் வாங்க வேண்டும். பெரிய எழுத்தில்.


ஜூன் 22, திங்கள்

காலை இளவெயில். பி.பி. மாத்திரை எனக்கும் பிலோவுக்கும் தீரப் போகிறது.

செலின் சிங்கப்பூரிலிருந்து செய்தி: பெயர் மாற்றியாயிற்று. மச்சானும் போன் செய்தார். மலை மேல் நிற்கும்போது போட்டுக்கொள்ள அவருக்குக் கம்பளித் தொப்பி வேண்டுமாம், தங்காக் ஊர்த் துணிக்கடையில் கிடைக்குமா என்று கேட்டார். ஜோகூரில் கம்பளித் தொப்பி யார் விற்பார்கள்? அந்தக் கேள்விக்காகவும் நன்றி.

எட்டரைக்குச் சந்தைக்குக் கிளம்பினோம். நான் முதலில் போய்க் காரில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட் போட்டு, சாவியை எடுத்து நீட்டினேன். நீட்டின இடத்தில் துவாரம் இல்லை. ஸ்டீரிங்கும் இல்லை. பிலோ கூடையோடு வெளியே நின்று என் பக்கக் கண்ணாடியைத் தட்டினாள்.

"அங்க போனாத்தான் இது ஒங்க எடம். இங்க என் எடம். எறங்குங்க."