முதல் தடவை வந்த விருந்தாளி

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். தேர்தல் நெருங்குகிறதல்லவா, ஞாயிறு ஆராதனையில் என் வீட்டுக்காரர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, ஒரு வேட்பாளரை முன்னால் அழைத்து, சபையையே அவருக்காக ஜெபிக்க வைத்தார்.

“முன்னாடியே பழக்கமா?” என்று கேட்டேன்.

“சேச்சே, இன்னைக்குத்தான் முகத்தையே பார்க்கிறேன்” என்றார்.

மதியம் அந்த மனிதர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கை கழுவ யாரும் வழி காட்டவில்லை. அவராகவே சமையலறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். கதவுக்குப் பின்னால் தொங்கும் துண்டைத் தேடாமல் எடுத்துத் துடைத்தார்.

சாப்பாட்டு ஜெபத்தின் நடுவில் நான் கண்ணைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் வாய் ஜெபித்துக்கொண்டிருந்தது. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகளோடு கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா?

உன் தங்கை